அவர் வண்டியிலேயே படுத்துக்குவார்

எங்கள் குடும்பத்தில் பயணத்திட்டம் போடுகிறவன் நான். வாசுதேவநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அந்தக் கைப்பழக்கத்தில், எங்கே கிளம்பினாலும் நோட்டில் கோடு போட்டு நேரம், இடம், தூரம், செலவு என்று பிரித்து எழுதிவிடுவேன். எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும், எந்த ஊரில் சுத்தமான கழிப்பறை இருக்கும், எந்தப் பிள்ளைக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அக்கா வீட்டாரும் சித்தப்பா வீட்டாரும் வேன் பிடித்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தப் பெருமையால் ஒரு டிரைவரின் பிழைப்பைக் கெடுத்தேன். என் தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த வேனை விபத்தின் விளிம்புவரை கொண்டுபோனேன். தப்பியபின் பழி முழுவதையும் அந்த மனிதர் தலையில் ஏற்றிவிட்டு நல்லபிள்ளையாக நடமாடினேன். வீட்டில் யாரும் இதுவரை என்னைக் குறை சொன்னதில்லை, உண்மை அவர்களுக்குத் தெரியாது என்பதால். இப்போது தெரியட்டும்.

மலையையும் கடலையும் ஒரே சுற்றில் பார்க்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய்த்ததைப் போன்ற வழி அரிது. திருமங்கலத்தில் பிரிந்து கொல்லத்தில் முடியும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரின் நடுவே போகிறது. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று போகப் போக மேற்கு மலை கூடவே வரும். புளியரை தாண்டியதும் சாலை வளைந்து மேலேறும். கோட்டைவாசலோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அப்புறம் ஆரியங்காவு ஐயப்பன் கோயில், பாலருவி, கழுதுருட்டியில் சாலையை ஒட்டி நிற்கும் பதின்மூன்று கண் ரயில் பாலம், தென்மலை அணை. புனலூரில் கல்லடா ஆற்றின்மேல் 1877-இல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டி முடித்த தொங்குபாலம் இன்றும் நிற்கிறது. கொல்லத்தில் கடலைத் தொட்டுத் தெற்கே திரும்பினால் பரவூர், காப்பில் பக்கம் ஒருபுறம் காயல், மறுபுறம் கடல். அதைத் தாண்டினால் வர்க்கலாவின் செம்மண் பாறைக் குன்று செங்குத்தாகக் கடலில் இறங்கும். திருவனந்தபுரம், பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி பார்த்துவிட்டுக் கிழக்குக் கரையில் கூடங்குளம், உவரி, மணப்பாடு, குலசேகரப்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர். அங்கிருந்து திருநெல்வேலி வந்து வீடு திரும்பிவிடலாம்.

அந்தப் பதின்மூன்று கண் பாலத்தின்மேல் ஓடும் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை 1904-இல் திறந்தது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-இல் மலைப்பகுதியை மூடினார்கள். மறுபடி முழுப்பாதையிலும் ரயில் ஓட 2018 ஆனது. எங்கள் வீட்டார் ரயிலை மறந்து வேனுக்குப் பழகியது அந்த இடைப்பட்ட காலத்தில்தான். வேன் என்றால் நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம். அந்த வசதியை நான் அளவில்லாமல் எடுத்துக்கொண்டேன். ரயிலுக்கு நேர அட்டவணை உண்டு. எஞ்சின் ஓட்டுநருக்கு மாற்று ஆள் உண்டு. வேன் டிரைவருக்கு என் நோட்டுதான் அட்டவணை, மாற்று ஆளும் அவரேதான்.

ஒரு காலாண்டு விடுமுறையில் இந்த முழுச் சுற்றுக்கும் திட்டம் போட்டேன். பதினான்கு பேர், ஒரு டெம்போ டிராவலர். ராத்திரி இரண்டரைக்குப் புறப்பட்டால் நாலு மணிக்குக் குற்றாலம். கூட்டம் சேருமுன் மெயின் அருவியில் குளித்துவிடலாம். விடிந்தபின் மலைப்பாதை. மதியச் சாப்பாடு கொல்லத்தில், சூரியாஸ்தமனம் வர்க்கலாவில், ராத்தங்கல் அங்கேயே. மறுநாள் ஐந்தரைக்குக் கிளம்பித் திருவனந்தபுரம், பத்மநாபபுரம், மாலையில் கன்னியாகுமரி. அங்கே சில மணி நேரத்துக்கு மட்டும் அறை எடுத்துக் குளித்துப் படுத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு, நடை திறக்கும்போது திருச்செந்தூரில் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பகலில் இத்தனையும் அடக்கியிருந்தேன். வாடகைக்கு ஒரு நாளும், அறைக்கு ஒரு ராத்திரியும், பேட்டாவில் ஒரு நாளும் மிச்சம். அத்தானிடம் நோட்டைக் காட்டியபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நோட்டில் யார் எந்த ஜன்னலோரம் என்பதுவரை இருந்தது. வண்டி ஓட்டுகிறவர் எப்போது தூங்குவார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அவரே எனக்கு நினைவூட்டினார். முந்தின நாள் கல்யாண ட்ரிப் ஒன்று முடித்துப் பத்து மணிக்குமேல்தான் வீட்டுக்கு வந்தாராம். ராத்திரி எங்கள் தெருவில் சாமான் ஏற்றும்போது, "கொஞ்சம் அசதியா இருக்கு அண்ணாச்சி. ஒரு மணி நேரம் கழிச்சுக் கிளம்பினா உமக்கு தோதுப்படுமா?" என்று கேட்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். ஆனாலும் வாடகை பேசியவன் நான் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். "அருவியில கூட்டம் ஏறிரும். வழியில ஒரு டீயைக் குடிச்சுக்கிடலாம்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

மலைப்பாதை ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று அன்று பகலில் என் கண்ணால் பார்த்தேன். நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். ஆரியங்காவிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே போக முடியாது. சூடேறிப் பிடிமானம் போய்விடும். இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்திழுக்கும்படி இறக்க வேண்டும். எதிரே ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். காய்கறி, வைக்கோல், எம்-சாண்டு என்று கேரளத்துக்குப் போகும் லாரிகள் முன்னும் பின்னும் நெருக்கும். வளைவுக்கு வளைவு ஹாரன், கியர், கண்ணாடியில் ஒரு பார்வை, மறுபடி கியர். கழுதுருட்டியில் பாலம் தெரிந்ததும் வேனே எழுந்து ஒருபக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் கண்களை எண்ணினார்கள். எல்லோரும் பார்க்கத்தக்க அந்த வழியில், அவர் ஒருவர் மட்டும் எதையும் பார்க்கக் கூடாது. காட்சிக்காகவே போகிற பயணத்தில் அவருக்கு மட்டும் காட்சி இல்லை, அடுத்த வளைவு மட்டுமே உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வர்க்கலாவில் அறை எடுக்கும்போது ஒன்பதரை. அவர் கண்விழித்து இருபது மணி நேரமாகியிருந்தது. விடுதி மேலாளர் சாவிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, டிரைவருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவர் வண்டியிலேயே படுத்துக்குவார்" என்றேன். அவரிடம் கேட்டுச் சொன்னதில்லை. அவர் எனக்கு நாலடி பின்னால் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

நள்ளிரவில் அம்மாவுக்கு முழங்கால் வலி. தைலம் வேனில் இருந்த பையில் மாட்டிக்கொண்டது. இறங்கிப் போனேன். அக்டோபர் புழுக்கம், கடல் பக்கமாக இருந்தும் காற்றே இல்லை. ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கொசுவுக்காக அந்த இடைவெளியில் ஈரத்துண்டைச் செருகியிருந்தார். பின்னாலிருக்கும் நீள சீட்டில் எங்கள் பைகள் குவிந்திருந்தன. அவற்றை நகர்த்த அவருக்கு மனம் வரவில்லைபோல. இருவர் உட்காரும் சீட்டில் முழங்காலை மடக்கி, தலையைக் கண்ணாடியில் முட்டக் கொடுத்துக் கிடந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. தூங்கவில்லை, நான் கதவைத் தட்டுமுன்பே எழுந்துவிட்டார். பையைத் தேடித் தைலத்தை எடுத்துத் தந்தார். நான் அந்தப் பைகளை மேலே எடுத்துப் போயிருக்கலாம், அறையில் ஒரு பாய்க்கு இடம் இருந்தது. "காலைல அஞ்சரை, மறந்திராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினேன்.

மறுநாள் மதியம் பத்மநாபபுரத்தில் நாங்கள் அரண்மனைக்குள் போன நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார். கன்னியாகுமரியில் அதுவும் இல்லை. வண்டிகள் வந்து போய்க்கொண்டே இருந்த நிறுத்துமிடத்தில், ஹாரனுக்கும் டீ விற்கிறவர் குரலுக்கும் நடுவே யாரால் தூங்க முடியும்? நாங்கள் கதவடைத்து மின்விசிறிக்கடியில் படுத்து எழுந்து வந்தோம். இரண்டு மணிக்கு அவர் முகம் கழுவி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

கூடங்குளம் தாண்டி உவரி நோக்கிப் போகும் அந்தச் சாலை நேரானது. இருபுறமும் உடைமரமும் பனையும். மலை வளைவில் விழித்திருக்க வைக்கும் வேலை இருக்கும், நேர்ச்சாலையில் அதுவும் இல்லை. உள்ளே எல்லோரும் உறக்கம். நானும் தூங்கிவிட்டேன். டிரைவருக்குப் பேச்சுத்துணையாக விழித்திருப்பதாகச் சொல்லித்தான் முன்சீட்டைப் பிடித்திருந்தேன்.

கிரீச்சென்ற சத்தத்தில் கண்விழித்தபோது வண்டி தார்ச்சாலையை விட்டிறங்கி இடதுபுறச் சரளையில் ஓடிக்கொண்டிருந்தது. முன்விளக்கு வெளிச்சத்தில் ஒரு பனைமரம் வந்துகொண்டிருந்தது. அவர் வெட்டித் திருப்பவில்லை, திருப்பியிருந்தால் கவிழ்ந்திருப்போம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, அடித்து மிதிக்காமல் பிரேக்கை விட்டுவிட்டுப் போட்டு, மணலில் இழுத்து நிறுத்தினார். முன்கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு ஆள் நிற்கலாம். பிள்ளைகள் அழுதார்கள். அம்மா முருகா, முருகா என்றாள். அவர் இறங்கி, குடத்திலிருந்த தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டார். கை நடுங்கியது. "லேசா அசந்துட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். ஆனால் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். அதோடு நிற்கவும் இல்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "குடும்பத்தைக் கூட்டிட்டு வந்திருக்கோம், இப்படியா ஓட்டுறது?" என்று கத்தினேன். அத்தானும் சேர்ந்துகொண்டார். டிரைவர் தலையைக் குனிந்து நின்றார். புறப்பட்ட ராத்திரி ஒரு மணி நேரம் கேட்டதை அவர் அப்போது சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்ற தைரியத்தில்தான் கத்தினேன் என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன்.

ஊர் வந்ததும் வேன் உரிமையாளரிடம் போனேன். தூங்குகிற டிரைவரை அனுப்பிவிட்டதாகச் சொல்லி வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்தேன். ராத்திரி வண்டி ஓடியதற்குத் தர வேண்டிய பேட்டாவையும் தரவில்லை. அதற்குப்பின் அவருக்கு நீளமான ட்ரிப் எதுவும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் வட்டாரத்தில் 'தூங்குற டிரைவர்' என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் கழுவ முடியாது. அந்தப் பேரைச் சூட்டியவன் நான். வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அவர் தூங்கியதிலிருந்து தொடங்குவேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னிடம் இருந்தது.

2024 ஜனவரி 28, ஞாயிறு அதிகாலை, எங்கள் சாலையிலிருந்தே ஒரு செய்தி வந்தது. குற்றாலம் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்த புளியங்குடி இளைஞர்கள் ஆறு பேர், சிங்கிலிபட்டி அருகே சிமெண்டு லாரியில் மோதி இறந்துபோனார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், வீட்டுக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான் இருந்தது. பொழுது விடிந்து டீக்கடையில் நின்றவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஓட்டினவன் தூங்கிட்டானோ? அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அந்தப் பிள்ளைகள்மேல் ஒரு சொல்லும் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. தூங்கினானா என்று கேட்கிறோம். அவனுக்குத் தூங்க நேரம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. உவரிச் சாலையில் அந்தப் பனைமரம் ஒரு முழம் முன்னால் நின்றிருந்தால், எங்கள் சாவுக்கும் டீக்கடைகளில் இதே கேள்விதான். என் நோட்டை யாரும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதன்பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார்கள்: பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், நூறு மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுவோடு இருப்பவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றன. நம் நாட்டுச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. ஒரு வாய் குடித்துவிட்டு அவர் வண்டியை எடுத்திருந்தால் நான் சாவியைப் பிடுங்கியிருப்பேன். இருபது மணி நேரம் விழித்த மனிதரிடம் என் குடும்பத்தை ஒப்படைத்துவிட்டு, மிச்சம் பிடித்த பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்துவரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் உடம்பு தானாகவே உறக்கத்துக்கு இழுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி கண்மூடினால் வண்டி 65 மீட்டருக்குமேல் ஆளில்லாமல் ஓடிவிடும். மன உறுதியாலும் டீயாலும் இதை வெகுநேரம் தள்ளிப்போட முடியாது. தூக்கத்துக்குத் தூக்கம் மட்டுமே மருந்து.

சட்டம் இதை எப்போதோ யோசித்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025-இல் நீக்கப்படும்வரை, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைநேரத்தை வரையறுத்திருந்தது. தொலைதூரப் பயணம் போன்றவற்றில் பத்து மணி நேரம்வரை போகலாம் என்றது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் ஒன்பது மணி நேரமாவது தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு, வாடகை வண்டி ஓட்டுகிற எவருக்கும் அதே வேலைநேரத்தைப் பொருத்தியது. 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதி கட்டுகிறவர்கள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்கும் படுக்கையும் கழிப்பறையும் உள்ள தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்று சேர்த்தது. விதி வந்தது நல்லதுதான். ஆனால் வர்க்கலாவில் எந்த விதியும் என்னைத் தடுத்திருக்க வேண்டியதில்லை. மேலாளர் கேட்டார், அறையில் இடமிருந்தது, பையில் பணமிருந்தது. என்னிடம் இல்லாமல் போனது அந்த மனிதரும் களைப்பார் என்ற நினைப்பு ஒன்றுதான்.

அவரைத் தேடிப் போனேன். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மினி லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். மூட்டைகளுக்கு நடுவே நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: கல்யாண ட்ரிப் முடித்து வந்ததை அறிந்தும் கிளப்பினேன், படுக்க இடம் தரவில்லை, எல்லோர் முன்னாலும் திட்டினேன், உரிமையாளரிடம் பொய் சொன்னேன். அன்றைய பேட்டாவை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. வெகுநேரம் கயிற்றை முறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு முடியலன்னு அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்த ட்ரிப்புக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க. சொல்லலன்னா இப்படி. டிரைவருக்கு ரெண்டு பக்கமும் அடிதான் அண்ணாச்சி." பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லோடுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை.

உரிமையாளரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த டிரைவர் இழந்த சீசன்களை நான் எப்படித் திருப்பித் தர முடியும்? ஆனியில் சாரல் தொடங்கினால் ஆவணிவரை எங்கள் பக்கத்து வேன் டிரைவர்களுக்கு அதுதான் அறுவடைக்காலம். அது அவர் கையைவிட்டுப் போனது என் நாக்கால். இந்தக் கடன் தீராது.

இன்று அதே சுற்றுக்கு யாராவது திட்டம் கேட்டால் முதல் வரியில் டிரைவரின் தூக்கத்தை எழுதிவிட்டுத்தான் மற்றதை நிரப்புகிறேன். முந்தின நாள் அவருக்கு வேறு ட்ரிப் உண்டா என்று உரிமையாளரிடம் கேட்பேன். உண்டென்றால் நாளை மாற்றுவேன். விடிந்தபின் ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும், அருவியில் கூட்டமிருந்தால் வரிசையில் நின்று குளிக்கலாம். முதல் நாள் குற்றாலம், ஆரியங்காவு, தென்மலை பார்த்துப் புனலூரிலோ கொல்லத்திலோ தங்கல். மலைப்பாதை முழுவதும் வெளிச்சத்தில் முடிந்துவிடும். இரண்டாம் நாள் காயலோரமாக வர்க்கலா வந்து, மாலை முழுவதும் அங்கேயே. வண்டியைத் தொடவே வேண்டாம். மூன்றாம் நாள் திருவனந்தபுரம், பத்மநாபபுரம், கன்னியாகுமரி. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாள் வைக்க வேண்டும். நாலாம் நாள் காலை வெளிச்சத்தில் கிழக்குக் கரை. உவரியிலும் மணப்பாட்டிலும் நின்று, திருச்செந்தூரில் சாயங்கால தரிசனம் முடித்துத் திருநெல்வேலியில் தங்கிவிட்டு, ஐந்தாம் நாள் வீடு. மதியச் சாப்பாட்டுக்குப்பின் ஒரு மணி நேரம் வண்டி நிற்கும். அந்த நேரத்தில் பைகளை இறக்கி நீள சீட்டைக் காலிசெய்து கொடுத்துவிட்டு நாங்கள் மரநிழலில் உட்காருவோம். எல்லா ஊரிலும் டிரைவருக்குக் கட்டிலும் குளியலறையும். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு எங்கள் மேசையிலேயே சாப்பாடு. முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. டிரைவர் "முடியல" என்று சொன்னால், எந்த இடமானாலும் வண்டி நிற்கும், வாடகையில் ஒரு பைசா குறையாது. இதைப் புறப்படுமுன் எல்லோர் முன்னாலும் அவரிடம் சொல்லிவிடுவேன். தனியாகச் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

பழைய திட்டத்தைவிட இதற்குச் செலவு கூடும். அத்தான்கூட இப்போது என் நோட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறார். எதற்கு இத்தனை நாள், ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாமே என்கிறார். அந்தப் பேச்சை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான் என்பதால் அவரைக் கோபிக்க முடியவில்லை. கையில் அவ்வளவு பணமோ நாளோ இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடலை விட்டுவிடுங்கள். காலையில் கிளம்பிக் குற்றாலத்தில் குளித்து, கழுதுருட்டிப் பாலத்தைப் பார்த்து, தென்மலையோடு திரும்பி, இருட்டுமுன் வீடு வந்து சேருங்கள். அதுவே நல்ல பயணம். டிரைவர் தன் வீட்டில் படுத்துத் தூங்குவார்.